ஆர்மோனியத்தின் சுருதிப் பிசகு: கீழைக் கரைப் பெட்டியொன்றை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

ஆர்மோனியத்தின் தரத்தைப் பற்றிய எந்த ஆய்வும் ஏ. எச். ஃபாக்ஸ் ஸ்ட்ராங்வேஸைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது. 1914இல் வெளியான ‘த மியூசிக் ஆஃப் ஹிந்துஸ்தான்’ நூலில் இக்கருவிமீது அவர் சொன்ன குற்றங்கள் மூன்று. அது நாடக மேடையையும் வீட்டையும் பிடித்துக்கொண்டது. தனக்குள்ளேயே சுருதி சேராதது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது இரவல் கருவி. கொழும்பில் 1909இல் தம் கட்டுரைத் தொகுதியை வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமியும் ஏறக்குறைய இதே பக்கம்தான் நின்றார். 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியதற்குப் பின்னால் இந்தத் தீர்ப்பின் நிழல் இருந்தது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது.

மூன்றாவது குற்றம் நிற்காது. பாலுஸ்வாமி தீட்சிதர் கையிலெடுத்த வயலினும் இரவல்தான். அது இன்று கச்சேரி மேடையின் நடுவில் இருக்கிறது. முதல் குற்றம் கருவியின் செல்வாக்கைப் பற்றியதே தவிர, அதன் தரத்தைப் பற்றியதன்று. விரிவாகப் பேசவேண்டியது இரண்டாவது குற்றம்.

பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் 1842இல் காப்புரிமை பெற்ற கருவி காலால் மிதிப்பது. கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தி இழுத்து வாசிக்கும் பெட்டியாக்கினார். இது 1875இலா, 1880களிலா என்பதில் குறிப்புகள் ஒத்துப்போகவில்லை. அவர் கொம்பனி தொடங்கிய ஆண்டும் பெட்டி உருவான ஆண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று ஊகிக்கிறேன். பின்னர் பல பட்டறைகள் இதைத் தொகையாகச் செய்தன. ரீட் ஓரிடம், பலகை ஓரிடம், பூட்டுவது வேறிடம். இவ்வாறு வந்த பெட்டியில் இருவகைப் பிசகு உண்டு. ஒன்று, பன்னிரு சுரங்களைச் சமமாகப் பங்கிட்டதால் வருவது: அந்தர காந்தாரம் 386 சென்டில் நிற்கவேண்டியது 400இல் நிற்கும். மற்றது பட்டறையின் அவசரத்தால் வருவது: தோல் சரியாகப் படியாத அடைப்பு, காற்றுக் கசியும் துருத்தி, தாமதித்துப் பேசும் ரீட். ஸ்ட்ராங்வேஸ் இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் கருவியின் பிறவிக் குணமாக எழுதினார். அவர் கணக்கில் வராதவர் வாங்கியபின் அதைத் திருத்திய வாசிப்பாளர்.

இலங்கையின் கீழைக் கரையிலுள்ள திருக்கோவில் என்னும் ஊரில் பழைய நாடகக் குடும்பமொன்றின் வீட்டில் நான் பார்த்த பெட்டி இதற்குச் சான்று. மூன்று ஸ்தாயி, இரட்டை ரீட். செய்தவர் பெயர்த்தகடு இல்லை. ரீட் பலகையைக் கழற்றிப் பார்த்தபோது, ஏழாம் வெள்ளைக் கட்டைக்குரிய ஆறு பித்தளை ரீட்களிலும் ஆணியடித்த அடிப்பக்கத்தில் அரத்தின் தடம் தெரிந்தது. நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும். பழுதுபார்த்த தடமென்றால் அது ஆங்காங்கே சிதறியிருக்கும். ஒரே சுரம் மூன்று ஸ்தாயியிலும் இரு வரிசையிலும் இறக்கப்பட்டிருப்பது தற்செயலாக இருக்க முடியாது. ஐந்து கட்டையில் பாடுபவருக்கு அந்தச் சுரமே அந்தர காந்தாரம். ஒரு கட்டையில் பாடியவருக்காகக் காகலி நிஷாதத்தை இறக்கியிருக்கலாமே என்று கேட்கலாம். அப்படியானால் மூன்றாம் வெள்ளைக் கட்டையும் இறங்கியிருக்கவேண்டும். அங்கே அரம் படவில்லை.

ஆகவே, ஐந்து கட்டையில் பாடிய யாரோ ஒருவரின் காதுக்காக இப்பெட்டி திருத்தப்பட்டது என்பேன். ஒரு பெட்டியை வைத்து ஒரு கரையின் வழக்கத்தை நிறுவ முடியாதென்பது உண்மை. திருத்திய காலத்தையும் இப்போதைக்கு வரையறுக்க இயலாது. ஆனாலும் சூழல் இவ்வாசிப்புக்கு இடம் தருகிறது. வடமோடி, தென்மோடிக் கூத்துகளுக்கு மத்தளமும் தாளமும் போதும். பார்சி நாடகத்தின் வழிவந்த மேடைக்கு ஆர்மோனியம் இன்றி முடியாது. இதே கரையில் திருக்கோவிலுக்கு வடக்கே காரைதீவில் பிறந்த விபுலாநந்தர் சுர இடைவெளிகளைக் கணக்கிட்டு 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். அவர் ஏட்டில் கணக்கிட்ட நுண்மையை ஒரு பெட்டிக்காரர் அரத்தால் தேடியிருக்கிறார். இருவருக்கும் தொடர்பு காட்ட ஆதாரம் இல்லை. தொடர்பு இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

இத்திருத்தத்துக்கு விலை உண்டு. ஒரு கட்டைக்குச் சேர்த்த பெட்டி வேறு கட்டைக்கு முரணும். கமகம் வராத குறையை எந்த அரமும் போக்காது. அதில் ஆர்மோனியத்தைக் குறைசொல்வோர் பக்கமே நியாயம். ஆனால் சுருதி சேராமை பிறவிக் குறை என்பது ஏற்கத்தக்கதன்று. அது கடையிலிருந்து வந்த நிலை. வாசிப்பாளர் கையில் மாறக்கூடிய நிலை. தொகை உற்பத்திப் பெட்டியின் தரத்தை மதிப்பிடும்போது மூன்றைத் தனித்தனியே பார்க்கவேண்டும்: துருத்தியை இழுத்துவிட்டால் கட்டை அழுத்தாமலே அது எவ்வளவு நேரம் காற்றைப் பிடிக்கிறது, மெல்லிய காற்றுக்கும் ரீட் உடனே பேசுகிறதா, ரீட்டில் திருத்துவதற்குப் போதிய தடிப்பு இருக்கிறதா. மூன்றாவதை எவரும் கேட்பதில்லை. என் பார்வையில் அதுவே முதன்மையானது.

கடற்காற்றில் பித்தளை பச்சை பிடிக்கிறது. இரும்புச் சுருள்வில் துருவேறுகிறது. வாடைக்கால மழையில் பலகை ஊதிக் கட்டைகள் இறுகுகின்றன. பழுதுபார்க்கக் கொடுத்தால் பழைய ரீட்களை எறிந்துவிட்டுப் புதியவற்றைப் பூட்டிவிடுகிறார்கள். சான்று அத்தோடு போய்விடுகிறது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர வீடுகளில் பழைய நாடகப் பெட்டி வைத்திருப்போர், ரீட் மாற்றுமுன் ஒவ்வொரு கட்டையின் சுருதியையும் ஒலிப்பதிவு செய்து, கழற்றிய ரீட்களை வரிசை குலையாமல் பத்திரப்படுத்த வேண்டும். இந்த ஆய்வு அடுத்த படிக்குப் போவதற்கு அவையே மூலம்.