பட்டப்பகலில் ஓர் ஆட்டம்

லண்டனில் என் தங்கை வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு சனிக்கிழமை காலையில் அவள், "அண்ணா, சீக்கிரம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. டிஸ்கோவுக்குப் போகிறோம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிஸ்கோ என்பது ராத்திரி பத்து மணிக்கு மேல் அரையிருட்டில், கோப்பையும் கையுமாக நடக்கிற சங்கதி என்றல்லவா நான் நினைத்திருந்தேன்! "பகல் இரண்டு மணிக்கா? குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?" என்று கேட்டேன்.

"நன்றாயிருக்கிறது! அவளுக்காகத்தானே போகிறோம்!" என்று சிரித்தாள் தங்கை. நாலு வயது மருமகள் அதற்குள் வாசலில் நின்று குதித்துக்கொண்டிருந்தாள்.

போனோம். இரவு வேளையில் பெரியவர்கள் ஆடுகிற கூடம் அது. கோயில் வாசலில் செருப்புகள் கிடப்பதுபோல, நுழையும் இடத்தில் குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு வரும் வண்டிகள் வரிசையாக நின்றன. உள்ளே வண்ண விளக்குகள், காற்றில் சோப்புக் குமிழிகள், மேடைமீது இசைத்தட்டுக்காரர். தகப்பன் தோளில் ஒன்று, தாயின் இடுப்பில் ஒன்று, தரையில் உருளுவது ஒன்று. மது ஊற்றும் நீண்ட மேஜையில் அன்றைக்குப் பழரசம் அடுக்கியிருந்தது. 'இது என்ன புதுப் பைத்தியம்?' என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது.

ஊர் திரும்பிய பிறகு இந்தப் பைத்தியத்தின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க என் எண்ணம் தலைகீழாகிவிட்டது. பெரியவர்களின் கூடத்துக்குள் குழந்தைகள் புகுந்துவிட்டதாக நான் நினைத்தேன். உண்மையில் அந்தக் கூடமே குழந்தைகளிடமிருந்து வாங்கியது!

டேவிட் மன்குஸோ என்று ஒருவர். 1944-ல் நியூயார்க் மாகாணத்து யூடிகா என்ற ஊரில் பிறந்து, அநாதை விடுதியில் விடப்பட்டவர். அந்த விடுதியில் சிஸ்டர் அலீஷியா என்ற கன்னிகாஸ்திரீ இருந்தார். சந்தர்ப்பம் கிடைத்தபோதெல்லாம் பிள்ளைகளுக்கு அவர் ஒரு சின்ன விருந்து வைப்பாராம். ஓர் அறை, இசைத்தட்டுப் பெட்டி, பலூன்கள், பழரசம், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை வளர்ந்து நியூயார்க் நகரத்துக்கு வந்தது. பிராட்வே வீதியில் 647-ஆம் எண் கட்டடத்தில், தாம் குடியிருந்த மாடியிலேயே, 1970 பிப்ரவரி 14-ந் தேதி நண்பர்களை அழைத்து ஒரு நடன விருந்து நடத்தினார் மன்குஸோ. 'லாஃப்ட்' என்று பிற்பாடு பிரசித்தி பெற்ற இடம் அதுதான். அங்கே மது விற்பனை கிடையாது. பழமும் பழரசமும் உண்டு, பலூன்கள் உண்டு. கறுப்பர், வெள்ளையர், ஊரார் ஒதுக்கி வைத்த ஓரினக் காதலர் எல்லாரும் ஒன்றாய் ஆடினார்கள். சிஸ்டர் அலீஷியாவின் அறைதான் இதற்கெல்லாம் வித்து என்று அவரே பின்னாளில் சொன்னார். 2016-ல் அவர் காலமானார்.

அந்த மாடியைப் பார்த்துக் கிளம்பிய விடுதிகள் பல. அவற்றில் மது வந்தது. வாசலில் ஆளை மேலும் கீழும் பார்த்து உள்ளே விடுகிற காவற்காரன் வந்தான். குழந்தை மட்டும் வெளியே நின்றுவிட்டது.

இங்கிலாந்தில் ஆட்டம் சுவர்களைத் தாண்டி வயல்வெளிக்கே போய்விட்டது. 1992 மே மாதம் காசில்மார்ட்டன் என்ற பொதுவெளியில் ஆயிரக்கணக்கான வாலிபர்கள் கூடி, ஏறக்குறைய ஒரு வாரம் ஆடித் தீர்த்தார்கள். சுற்றியிருந்த கிராமங்களுக்குத் தூக்கம் போயிற்று. பாராளுமன்றம் 1994-ல் ஒரு சட்டம் செய்தது. திறந்தவெளியில் நூறு பேரோ அதற்கு மேலோ கூடி, ராத்திரியில், திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளத்தை உரக்க வைத்து அக்கம்பக்கத்தாருக்குத் துன்பம் உண்டாக்கினால், போலீசார் கலைக்கலாம் என்று ஏற்பாடு. தாளத்துக்கே சட்டத்தில் வியாக்கியானம் எழுதிய புண்ணியவான்கள்! ஆனால் சட்டத்தால் ஆகாததை வயது செய்துவிட்டது. அந்த வாலிபர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது. இரவெல்லாம் விழித்துக் குழந்தைக்குப் பால் கொடுத்தபின் எந்த ராத்திரியில் ஆடப் போவது? அமெரிக்காவில் 'பேபி லவ்ஸ் டிஸ்கோ' என்றும், இங்கிலாந்தில் 2013-ல் 'பிக் ஃபிஷ் லிட்டில் ஃபிஷ்' என்றும் பகல் விருந்துகள் தோன்றின. ஆட்டமும் குழந்தையும் மறுபடி சேர்ந்த கதை இதுதான்.

அன்று அந்தக் கூடத்தில் என் பக்கத்து நாற்காலியில் ஐம்பது வயதைத் தாண்டிய பஞ்சாபி அம்மாள் ஒருவர் இருந்தார். பெண்ணும் பேரனும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "நானும் பகலில்தான் ஆடினேன். என் அம்மாவுக்குத்தான் கடைசிவரை தெரியாது" என்றார். பேச்சு கொடுத்தேன். எண்பதுகளில் அங்கே குடியேறிய நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் பெண்களுக்கு இரவில் வெளியே போக அனுமதி இல்லை. அதனால் பாங்ரா ஆட்டமே பகலுக்கு வந்துவிட்டது. ஹாமர்ஸ்மித் பாலே போன்ற பெரிய கூடங்களில் மத்தியானம் கச்சேரி. பள்ளிக்கூடத்துக்கென்று கிளம்பி, வழியில் எங்கேயாவது ஒளிந்து உடை மாற்றிக்கொண்டு போய் ஆடிவிட்டு, பள்ளி விடும் நேரத்துக்கு நல்ல பிள்ளையாய் வீடு திரும்புவார்களாம். "அதே பகல்தான். இன்றைக்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை" என்றார் அந்த அம்மாள். அவர் கண்கள் பேரன்மீதே இருந்தன.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கவலை நீங்கவில்லை. 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம், மூன்று டெசிபல் கூடினால் பாதி நேரந்தான் என்று தொழிலாளருக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்! பிஞ்சுக் காதுக்கு அதுவும் அதிகம். அதனால்தான் அங்கே குழந்தைகளுக்குப் பெரிய காது மூடிகளை மாட்டிவிடுகிறார்கள். என் மருமகள் பச்சை நிறத்தில் இரண்டு தேங்காய் மூடியைக் கவிழ்த்தாற்போல மாட்டியிருந்தாள்.

அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு எட்டு வயதில் மாரியம்மன் திருவிழாவில் நையாண்டி மேளத்துக்கு நடுவே போய் நான் ஆடியதும், அப்பா என் காதைத் திருகி வீடுவரை இழுத்து வந்ததும் ஞாபகம் வந்தன. அதன் பிறகு நான் ஆடியதே இல்லை.

"மாமாவுக்கு ஆடத் தெரியாதம்மா" என்றேன்.

"எனக்கும் தெரியாது. வா!" என்றாள் அவள்.

பஞ்சாபி அம்மாள் என் மடியிலிருந்த பையை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார்.