வடமீனும் வற்றாப்பளையும்

என்ர மச்சாளின் கலியாணம் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டி, அம்மி மிதித்து முடிய, ஐயர் மாப்பிள்ளை பொம்பிளையை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து வடக்குப் பக்கமாகக் கையை நீட்டி "அருந்ததியைப் பாருங்கோ" என்றார். நேரம் பகல் பதினொன்றரை. இரண்டு பேரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு தகரக் கூரையையும் தொலைபேசிக் கோபுரத்தையும் பார்த்தார்கள். வீடியோக்காரர் இன்னொருக்கா பார்க்கச் சொன்னார். முதல் தரம் சரியா விழேல்லையாம்.

எங்கட சின்னம்மா அந்த நேரம் பின்னுக்குச் சமையல் பக்கம் நின்றா. சித்தப்பாவை அவ கடைசியாகக் கண்டது 2009 மே மாதம், வட்டுவாகலில். அன்றிலிருந்து தேடுறா. பொட்டு வைக்கிறதை அவ விடேல்லை. ஆராத்தி எடுக்கச் சுமங்கலிப் பெண்களைக் கூப்பிட்டபோது அவவை ஒருத்தரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிடவும் இல்லை. அது அவவுக்கும் தெரியும். அதனால்தான் முதலே எழும்பிப் பின்னுக்குப் போயிருந்தா.

கலைப்பீடத்தில் தமிழும் வரலாறும் படிக்கிற எனக்கு அண்டைக்கு இது மனதில் கொழுவிக்கொண்டது. ஒரு மனிசனுக்காக இத்தனை வருஷம் நிற்கிற பெண்ணை அடுப்படியில் விட்டுவிட்டு, உறுதியின் அடையாளம் என்று யாருக்கு எதைக் காட்டுகிறோம்?

முதலில் வானத்தைப் பார்ப்போம். ஏழு முனிவர்கள் என்று நாம் சொல்லும் கூட்டத்தின் வால்பக்கத்தில், நுனியிலிருந்து இரண்டாவது வெள்ளி வசிட்டர். அதோடு ஒட்டினாற்போல மங்கலாகத் தெரிகிற சிறுவெள்ளிதான் அருந்ததி. மேற்கில் மிசார், அல்கோர் என்பார்கள். அது அசையாத வெள்ளி என்று பலர் நினைக்கிறார்கள். அசையாமல் நிற்பது துருவம். வன்னியில் துருவம் அடிவானத்திலிருந்து ஒன்பது பாகை உயரத்தில்தான் நிற்கும். அருந்ததியோ வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறையும். மாரி தொடங்கிற காலத்தில் பின்னேரத்தில் தேடினாலும் கிடைக்காது. இன்னொன்று. இந்த இரண்டு வெள்ளிகள் மட்டும்தான் ஒன்றையொன்று சுற்றுகின்றன, அதைத் தெரிந்துதான் முன்னோர் தம்பதிகளுக்குக் காட்டினார்கள் என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. எந்த இரட்டை விண்மீனும் அப்படித்தான் சுற்றும். அதோடு இது இரண்டு பேர் உள்ள குடும்பமும் இல்லை. மிசார் உண்மையில் நான்கு. 2009இல் அல்கோருக்கும் ஒரு துணை கண்டுபிடிக்கப்பட்டது. மொத்தம் ஆறு பேர், கூட்டுக்குடும்பம்.

பழைய கிருஹ்ய சூத்திரங்களில் இந்தச் சடங்கு இரவில்தான் நடக்கிறது. ஆசுவலாயன சூத்திரத்தின்படி, துருவத்தையும் அருந்ததியையும் ஏழு முனிவரையும் காணும்வரை மணப்பெண் பேசக்கூடாது. கண்ட பிறகே வாய் திறக்கலாம். திறந்தும், கணவன் வாழவேண்டும், எனக்குப் பிள்ளைகள் வேண்டும் என்றே சொல்லவேண்டும். வெள்ளியும் பெண்ணின் மௌனமும் அங்கேயே முடிச்சுப் போடப்பட்டுவிட்டன.

சங்கப் பாட்டுகளில் இது வடமீன் ஆகிறது. சில இடங்களில் அருந்ததி என்ற பெயரும் வரும், பெரும்பாணாற்றுப்படை அதைச் சிறுமீன் என்கிறது. என்னை நிறுத்திய பாட்டு புறநானூற்றின் 122ஆவது. கபிலர் மலையமான் திருமுடிக்காரியைப் பாடுகிறார். உன் நாடு கடலாலும் கொள்ளப்படாது, பகைவராலும் கொள்ளப்படாது, ஆனால் அது அந்தணருக்கு உரியது. மூவேந்தர் துணை வேண்டி அனுப்பும் பொருளோ உன்னிடம் இரந்து வருகிறவர்களுக்கு உரியது. வடமீன் போன்ற கற்புடைய உன் மனைவியைத் தவிர உனக்கென்று ஒன்றும் இல்லை. காரியின் கொடையைச் சொல்ல இதைவிட நல்ல வழி இல்லைத்தான். ஆனால் திருப்பி வாசித்தால், அவள் அவனுடைய கடைசிச் சொத்து. அவளுக்குப் பாட்டில் பெயர் இல்லை. அவள் எதற்காக உறுதியாக நின்றாள், எதைத் தாங்கினாள் என்பதும் இல்லை.

ஐங்குறுநூற்றில் பேயனாருடைய பாசறைப் பத்து இதைவிட எங்களுக்குக் கிட்ட வருகிறது. 442ஆவது பாட்டில் போர்ப் பாசறையில் இருக்கிற ஒருவன், அரசனின் கோபம் தணிந்து இந்த வேலை முடிந்தால் அவளுக்கு விருந்து கிடைக்குமே என்று ஏங்குகிறான். அவன் மனைவியை, இருண்ட வானத்து அருந்ததி போன்றவள் என்று நினைக்கிறான், தன் மகனின் தாய் என்றும் நினைக்கிறான். அரசனின் கோபத்துக்கு ஒரு வீடு காத்திருக்கிறது. இது முல்லைத்திணைப் பாட்டு, முல்லையின் உரிப்பொருள் இருத்தல். முல்லைத்தீவின் பெயரில் அந்தப் பூ இருப்பதை நினைக்காமல் இதை என்னால் வாசிக்க முடியவில்லை. ஆனாலும் ஏங்குகிற குரல் அவனுடையது. அவள் வானத்தில் இருக்கிறாள், நாங்கள் அண்ணாந்து பார்க்கிறோம்.

சிலப்பதிகாரமும் அப்படித்தான் தொடங்குகிறது. புகாரில் சந்திரன் உரோகிணியோடு சேரும் நாளில் கலியாணம். கண்ணகிக்குப் பன்னிரண்டு வயது, கோவலனுக்குப் பதினாறு. பழுதில்லாத வடமீனின் இயல்பே இவளது இயல்பு என்று ஊர்ப் பெண்கள் புகழ்கிறார்கள். அந்தப் பிள்ளை அப்போது வாழ்க்கையில் ஒன்றையும் காணவில்லை. வெள்ளியை மட்டும் தலையில் கட்டிவிட்டார்கள். அதன்பிறகு அவள் எத்தனையோ காலம் அந்த வெள்ளி மாதிரியே இருக்கிறாள். கோவலன் மாதவியிடம் போகும்போதும், வந்து சிலம்பைக் கொண்டு மதுரைக்குப் போவோம் என்னும்போதும் எதிர்த்து ஒரு கேள்வி இல்லை. வழக்குரை காதையில்தான் அவள் ஒற்றைச் சிலம்போடு அரண்மனை வாசலுக்கு நடந்து போகிறாள்.

மகாபாரதத்தின் பீஷ்ம பருவத்தில், போருக்கு முன் வியாசர் திருதராட்டிரனுக்குத் தீய சகுனங்களை அடுக்குவார். அதில் ஒன்று, அருந்ததி வசிட்டரை முதுகுக்குப் பின்னால் விட்டு முன்னே போய்விட்டாள் என்பது. ஒரு சிறுவெள்ளி முன்னுக்குப் போனால் உலகம் அழியப்போகிறது என்று பயந்திருக்கிறார்கள்! கண்ணகி முன்னுக்குப் போனபோது மதுரை எரிந்தது.

இப்போது வன்னி எந்தக் கண்ணகியை எடுத்துக்கொண்டது என்று பாருங்கோ. மதுரையை எரித்த பிறகு அவள் இலங்கைக்கு வந்தாள், தங்கிய பத்தாவது இடம் பத்தாம் பளை, அதுவே வற்றாப்பளை ஆனது என்பது எங்கட ஐதீகம். நந்திக்கடல் கரையில், மாடு மேய்க்கும் பொடியன்களுக்கு முன்னால் ஒரு கிழவியாக வந்து, எண்ணெய் இல்லாவிட்டால் கடல்நீரை விட்டு விளக்கேற்றச் சொன்னாளாம். இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கு எரிகிறது. இந்தக் கதையில் வடமீன் இல்லை, மணப்பந்தல் இல்லை. பசித்து நடந்து வந்த ஒரு கிழவிதான் இருக்கிறாள். மட்டக்களப்புக் கோயில்களில் பாடுவதற்குப் பெயரே 'கண்ணகி வழக்குரை'. கலியாணத்தை அல்ல, வழக்கை வைத்துத்தான் சனம் அவளுக்குப் பெயர் வைத்திருக்கிறது.

அதனால்தான் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் கொட்டில் போட்டு இருந்ததைக் 'காத்திருப்பு' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது முல்லைத்திணை இருத்தல் அல்ல. "எங்கே?" என்று அரசிடம் கேட்டுக்கொண்டு இருந்த இருப்பு, வழக்குரை காதை. படத்தைக் கையில் வைத்திருந்த பெண்களில் சின்னம்மாவும் ஒருத்தி. அவவை அருந்ததி என்று சொல்லிப் புகழ்ந்தால் அவவுக்குக் கோபம்தான் வரும். புகழ்ந்த அதே வாயால்தான் ஆராத்திக்குக் கூப்பிடாமல் விடுகிறோம்.

போன வைகாசிப் பொங்கலுக்கு அவவோடு வற்றாப்பளைக்குப் போனேன். வைகாசியில் இரவு ஒன்பது மணியளவில் ஏழு முனிவர் வடக்கில் நல்ல உயரத்துக்கு வந்துவிடும். கலியாண வீட்டுக் கணக்கைத் தீர்க்கிற எண்ணத்தில் சின்னம்மாவைச் சனத்துக்குள்ளால் வெளியே கூட்டிவந்து, வாலில் இரண்டாவதைப் பாருங்கோ, பக்கத்தில் சின்னனாய் ஒண்டு தெரியுதோ என்று கேட்டேன். நிலவு பகல் மாதிரி எறித்துக்கொண்டிருந்தது. எனக்கே அது விட்டுவிட்டுத்தான் தெரிந்தது.

அவ கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தா.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை. இதுக்கோ என்னை இழுத்துக்கொண்டு வந்தனி? லைன் நீளப்போகுது, வா, அம்மாளாச்சியிட்டக் கேக்க வேண்டியது கிடக்கு."