செரிக் கிராமத்தின் தலைக்கணக்கு

வரலாறு என்றதும் முடிமன்னரின் ஆட்சியாண்டுகளையும் போர்க்களங்களையும் எண்ணுவதே நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஐந்நூறு பேர்கூட வாழாத ஒரு சிற்றூருக்கும் வரலாறு உண்டா என்று மாணவன் ஒருவன் கேட்பானாயின், ஆசிரியர் அவனுக்குச் செரி என்ற கிராமத்தின் கதையைச் சொல்லலாம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மத்திய மேற்குப் பகுதியில், இலினோய் மாநிலத்தில், சிக்காகோ நகருக்கு ஏறக்குறைய 100 மைல் மேற்கே உள்ளது இக்கிராமம். சுற்றிலும் சோளமும் சோயாவும் விளையும் சமநிலம். 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இங்கு வாழ்ந்தோர் 482 பேர். ஆயின், நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இக்கிராமத்தில் இதனினும் மிகுந்த மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். அவர்கள் எங்கிருந்து வந்தனர்? ஏன் குறைந்தனர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை நிலத்தின் மேலன்று, நிலத்தின் அடியிலேயே கிடக்கின்றது.

செரி, உழவர் கூடி அமைத்த ஊரன்று. சிக்காகோ, மில்வாக்கி, செயின்ட் போல் புகையிரதக் கம்பனிக்குத் தன் இயந்திரங்களை ஓட்ட நிலக்கரி வேண்டியிருந்தது. அதன் பொருட்டுச் செயின்ட் போல் நிலக்கரிக் கம்பனி 1905ஆம் ஆண்டில் இங்கு சுரங்கம் தோண்டியது. சுரங்கத்தைச் சுற்றி ஊர் எழுந்தது. ஊருக்கு இடப்பட்ட பெயரும் கம்பனி அதிகாரியான ஜேம்ஸ் செரி என்பவரின் பெயரே. தோண்ட வந்தவர்களோ இத்தாலியர், லித்துவேனியர், சிலாவியர், பெல்ஜியர், ஸ்கொட்லாந்தியர், ஆங்கிலேயர் எனப் பலராவர். தம் நாட்டில் நிலமும் தொழிலும் இன்றிக் கடல் கடந்தவர்கள் அவர்கள். ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காது. சுரங்கத்து இருள் மட்டும் எல்லோர்க்கும் பொதுவாயிருந்தது.

அக்காலத்தில் இச்சுரங்கம் பாதுகாப்பில் சிறந்ததெனப் பெயர் பெற்றிருந்தது. நிலத்தடியில் மின்விளக்குகள் எரிந்தன. 1909ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அம்மின்னிணைப்பு பழுதுற்றது. பழுது தீரும்வரை சுரங்கத்தை மூடிவைக்கக் கம்பனி விரும்பவில்லை. மண்ணெண்ணெய்ப் பந்தங்களைக் கொளுத்தி வேலையைத் தொடர்ந்தது.

அவ்வாண்டு நவம்பர் 13ஆம் தேதி, சனிக்கிழமை. ஏறக்குறைய 480 பேர் கீழே வேலையில் இருந்தனர். வண்டியிழுக்கும் கோவேறு கழுதைகளுக்கான உலர்புல் ஏற்றிய வண்டியொன்று பந்தத்தின் கீழ் நின்றது. சொட்டிய எண்ணெய் புல்லைப் பற்றவைத்தது. தொடக்கத்தில் ஒருவரும் அத்தீயைப் பெரிதாகக் கருதவில்லை. நிலக்கரியை மேலேற்றும் வேலைகூட உடனே நிற்கவில்லை. சிறிது நேரத்தில் மரத்தூண்களைத் தீ பற்றியது. காற்றுவிசிறியைத் திருப்பிச் சுழற்றியபோது, தப்பும் ஏணிவழியும் நெருப்பாயிற்று.

மேலே நின்றவர்களுள் 12 பேர் தாமாக முன்வந்து, கூண்டேறிக் கீழே இறங்கினர். அவர்களிற் சுரங்கத் தொழிலாளர் மட்டுமன்றி ஊர்க் கடைக்காரரும் இருந்தனர். ஆறு முறை இறங்கிப் பலரை மீட்டனர். ஏழாம் முறை கீழிருந்து வந்த சைகை குழம்பியது. கூண்டு மேலே வந்தபோது அதில் கருகிய உடல்களே இருந்தன.

தீயை அணைப்பதற்காகச் சுரங்கத்தின் வாய்கள் மூடப்பட்டன. உள்ளே உயிரோடிருப்போர் என்னாவார் என்ற கேள்வியோடு மனைவியரும் மக்களும் வெளியே காத்துக் கிடந்தனர். அக்கேள்விக்கு எட்டாம் நாள் விடை வந்தது. நச்சுக் காற்றைத் தடுக்க மண்ணாற் சுவரெழுப்பி, நிலக்கரிப் படையிற் கசிந்த நீரைக் குடித்து உயிர் தரித்திருந்த 21 பேர் நவம்பர் 20ஆம் தேதி மீட்கப்பட்டனர்; அவருள் ஒருவர் இரு நாளில் இறந்தார். தீ மீண்டும் கிளம்பவே, நவம்பர் 25ஆம் தேதி சுரங்கம் முற்றாக மூடப்பட்டு, அடுத்த பெப்ரவரியிலேயே திறக்கப்பட்டது. மாண்டவர் தொகை 259.

இதன்பின் எழுந்த கேள்வி, உயிரின் விலை யாது என்பதே. அந்நாளைய சட்டத்தின்படி, முதலாளியின் கவனயீனத்தை விதவையே நீதிமன்றில் நிரூபிக்க வேண்டும். ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தான் என்றோ, உடன் தொழிலாளியின் பிழையென்றோ வாதிட்டு முதலாளி தப்பிவிடலாம். ஆங்கிலமறியாத இத்தாலிய விதவை, புகையிரதக் கம்பனியின் சட்டத்தரணிகளுக்கு எதிராக எதைச் சாதிப்பாள்?

இந்நிலையில் ஜோன் வில்லியம்ஸ் என்பவர் நடுவராக நின்றார். அவரும் முன்னாட் சுரங்கத் தொழிலாளியே. 1906ஆம் ஆண்டுப் பிரித்தானியத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தை அளவுகோலாகக் கொண்டு, மூவாண்டுக் கூலியை, அதாவது 1,800 டொலரைக் குடும்பமொன்றுக்கு வழங்கக் கம்பனியை இணங்கச் செய்தார். சுரங்கத் தொழிலாளர் சங்கமும் நாடெங்குமிருந்த மக்களும் திரட்டிய உதவிநிதி வேறு. பதினாறு வயது நிரம்பாத சிறுவரைச் சட்டத்துக்கு மாறாகச் சுரங்கத்தில் வேலைக்கு வைத்த குற்றத்துக்குக் கம்பனி செலுத்தியதோ மிகச் சிறிய தண்டப்பணமே.

1910இல் இலினோய் மாநிலம் சுரங்கங்களில் தீயணைப்புச் சாதனங்களைக் கட்டாயமாக்கியது. மீட்பு நிலையங்களை அமைத்தது. 1911இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. ஏற்பதும் மறுப்பதும் முதலாளியின் விருப்பமென அச்சட்டம் தொடக்கத்தில் இடம் வைத்திருந்தது உண்மையே. எனினும், விபத்தின் சுமை விதவையின் தலையிலன்றித் தொழிலின் கணக்கிலேயே ஏறவேண்டும் என்ற நியதி அங்கே வேரூன்றிவிட்டது. அதே நியதி 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக இலங்கைக்கும் வந்தது. தோட்டத்திலோ துறைமுகத்திலோ கை இழந்த ஒருவன் நட்டஈடு கோரும்போது, அவன் கேள்விப்பட்டிராத ஊர்கள் பலவற்றின் துயரம் அவன் கோரிக்கைக்குப் பின்னால் நிற்கின்றது.

சுரங்கம் 1927இல் மூடப்பட்டது. கம்பனி போயிற்று, கூலி தேடி வந்தோர் வேறு ஊர்களுக்குக் கூலி தேடிப் போயினர். இன்று ஊரின் ஓரத்தில் அன்று வெளியே கொட்டிய கழிவுமண் குன்றுபோல் நிற்கின்றது. இடுகாட்டில், தொழிற்சங்கம் 1911இல் எழுப்பிய நினைவுச்சின்னம் நிற்கின்றது.

குடிசன மதிப்பீட்டு அட்டவணையில் ஓர் ஊரின் தொகை குறைந்தால் அதை 'வீழ்ச்சி' என்று ஒரு சொல்லில் எழுதிவிடுகிறோம். தேவைப்பட்டபோது மனிதரை அழைத்துத் தேவை தீர்ந்ததும் கைவிடும் பொருளாதாரத்தின் கணக்கு அது. மாணவர்க்கு அவ்வட்டவணையை வாசிக்கக் கற்பிக்கும் நாம், அதன் எண்களுக்குள் இருந்த மனிதரையும் வாசிக்கக் கற்பித்தல் வேண்டும். மண்ணெண்ணெய்ப் பந்தத்தின் கீழ் வேலை செய்யும்படி பணிக்கப்படுவோர் உலகில் இன்னும் பலர் இருக்கின்றனர்.