காருக்குள் வழிகாட்டி: தொடக்கமும் தொடர்ந்த குறைகளும்

1981இல் ஹோண்டா நிறுவனம் ஜப்பானில் அக்கார்டு கார்களுக்கென அறிமுகப்படுத்திய 'எலக்ட்ரோ கைரோகேட்டர்', செயற்கைக்கோளின் துணையின்றி, ஹீலியம் வாயுவின் ஓட்டம் விலகுவதைக் கொண்டு காரின் திருப்பத்தையும், சக்கரச் சுழற்சியைக் கொண்டு கடந்த தூரத்தையும் அளந்து இருப்பிடத்தைக் கணித்தது. இம்முறையில் ஒவ்வொரு சிறு பிழையும் அடுத்ததோடு சேர்ந்து பெருகும். போதாக்குறைக்கு, ஒளிரும் திரையின்மேல் ஒளிபுகும் வரைபடத் தாளை ஓட்டுநரே செருகி, அதன் எல்லையைத் தாண்டியதும் வேறு தாளை மாற்ற வேண்டியிருந்தது.

1990இல் மாஸ்டாவின் யூனோஸ் காஸ்மோ காரில் செயற்கைக்கோள்வழி இடமறியும் ஜி.பி.எஸ். உள்ளமைந்து வந்தபோது பிழை பெருகும் சிக்கல் தணிந்ததெனினும், பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்க இராணுவம் வேண்டுமென்றே கலந்த பிழையால் இருப்பிடம் ஏறத்தாழ 100 மீட்டர் வரை பிசகியது. நெருக்கமான நகரில் அது அடுத்த தெருவேயாகும். 2000 மே மாதம் அக்கலப்பு நிறுத்தப்பட்டது.

ஆயினும் பெருங்குறை வரைபடத்திலேயே இருந்தது. குறுவட்டிலும் பின்னர் டிவிடியிலும் பதிந்து விற்கப்பட்ட சாலைகள் தொகுக்கப்பட்ட நாளோடு உறைந்துவிட்டதால், புதிய நெடுஞ்சாலையில் விரையும் கார் திரையில் வெற்று நிலத்தின்மீது ஊர்ந்தது. அதைத் திருத்தும் புதிய வட்டையோ, காருக்கே விலை கொடுத்த உரிமையாளர் மறுபடியும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.