காரணமும் கருணையும்: ஒரு வரலாற்று நோக்கு

தன்பாலீர்ப்பு பிறவியில் அமைவதா, பழக்கத்தால் வருவதா என்னும் வினா, ஆய்வுக்கூடத்தில் அன்று, சட்டத்தின் நிழலிலேயே முதன்முதல் வலுப்பெற்றது. ஹனோவரைச் சேர்ந்த வழக்கறிஞர் கார்ல் ஹைன்ரிக் உல்ரிக்ஸ், இவ்வீர்ப்பு கருவிலேயே அமைவதாகலின் அதனைக் குற்றமெனத் தண்டித்தல் நீதியன்று என 1864 முதல் எழுதிவந்தார். 1867-இல் மியூனிக்கில் கூடிய சட்ட அறிஞர் மாநாட்டில் இதைப் பேச எழுந்தபோது, கூச்சலிட்டு அவரைத் தடுத்தனர். பின்னர் மருத்துவர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்டு அதே வாதத்தை மேற்கொண்டு, 1919-இல் பெர்லினில் பாலியல் ஆராய்ச்சி நிலையமொன்றை நிறுவினார். 1933-இல் நாஜிகள் அதனைச் சூறையாடி, அதன் நூல்களைத் தீக்கிரையாக்கினர்.

இரக்கத்திற்கு அரணாக எழுந்த அக்கருத்தே மற்றொரு வாசலையும் திறந்தது. காரணம் உடலில் உள்ளதாயின், உடலைத் திருத்தலாமன்றோ? வியன்னாவின் ஆய்வாளர் ஓய்கன் ஷ்டைனாக் இவ்வெண்ணத்தால் விரைச்சுரப்பியை மாற்றிப் பொருத்தும் சிகிச்சையை முன்வைத்தார். ஹிர்ஷ்ஃபெல்டும் ஒரு காலம் அதனை நம்பினார். அது பலிக்கவில்லை. 1944-இல் புகன்வால்டு வதைமுகாமில், டேனிய மருத்துவர் கார்ல் வார்னெட் கைதிகளின் உடலில் ஹார்மோன் குழல்களைப் பதித்துச் சோதித்தார். இங்கிலாந்தில் 1952-இல் தண்டனை பெற்ற கணித மேதை ஆலன் டூரிங், சிறைக்கு மாற்றாக ஹார்மோன் ஊசியை ஏற்க நேர்ந்தது.

பின்வந்த ஆய்வுகள் தற்சார்பின்றி நடைபோட்டன. 1991-இல் சைமன் லெவே 41 பேரின் மூளையை ஆராய்ந்து, ஒரு நுண்ணிய பகுதியின் அளவில் வேறுபாடு கண்டார். ஆயினும், இது பிறவிக்காரணத்தை மெய்ப்பிப்பதன்று என அவரே கூறினார். 1993-இல் டீன் ஹேமர் எக்ஸ் குரோமோசோமின் ஒரு பகுதியைச் சுட்டினார். ஏறத்தாழ 4,77,000 பேரை உட்கொண்ட 2019-ஆம் ஆண்டின் ஆய்வோ, தனியொரு மரபணு இல்லை, சிறுசிறு விளைவுடைய பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்தே இயங்குகின்றன என்று காட்டியது.

இம்முடிவைக் கொண்டு, "மரபணு இல்லை, ஆகவே இது அவரவர் தெரிந்துகொண்டதே" என்று பிரசங்கிப்போர் உளர். அது பிழை. பல காரணங்களால் அமைவது, மனமுவந்து தெரிந்துகொண்டதாகிவிடாது. "பிறவி என நிறுவினால் போதும், நியாயம் கிடைக்கும்" என நம்புவோருக்கும் புகன்வால்டு ஓர் எச்சரிக்கை. காரணத்தை அறிதல் அறிவியலின் பணி. அயலானை எவ்வாறு நடத்துவது என்பதை அது நமக்காகத் தீர்மானிப்பதில்லை.

பிறவிக்குருடனைக் கண்ட சீடர், பாவம் யாருடையது எனக் காரணம் வினவினர். ஆண்டவரோ அவ்வினாவை விலக்கி, அம்மனிதனிடமே திரும்பினார். தன்பாலீர்ப்பு குருடுபோன்றதோர் ஊனம் என்பது இவ்வொப்புமையின் கருத்தன்று. வினவியோரின் பார்வையே இங்குத் திருத்தப்பட்டது. ஆயரின் அறைக்கதவைத் தயங்கித் தட்டும் இளைஞனுக்கு முன்னும், நம் முதற்கேள்வி எதுவென்பதை நாம் ஆராய்தல் நலம்.