காத்திருக்கும் உரிமை: பேஸ்பால் ஒப்பந்தமும் ஐ.பி.எல். ஏலமும்

2010ஆம் ஆண்டு ஐ.பி.எல். தொடரில் ரவீந்திர ஜடேஜா ஒரு பந்துகூட வீசவில்லை. காயம் ஏதுமில்லை, ஆட்டமும் கெட்டுப்போகவில்லை. ராஜஸ்தான் ராயல்ஸ் அணியோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், கூடுதல் சம்பளம் கேட்டு வேறோர் அணியிடம் பேச்சுக் கொடுத்தார் என்பதே அவர்மேல் வந்த புகார். அதற்குத் தண்டனை ஒரு தொடர் முழுக்கத் தடை. அப்போது அவருக்கு வயது 21.

ஏறத்தாழ இதே காரியத்தை 1966இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் சாண்டி கூஃபாக்ஸும் டான் டிரைஸ்டேலும் செய்தார்கள். பேஸ்பாலில் பந்தெறியும் இரண்டு பெரிய கைகள் அவை. கேட்ட பணம் வராமல் பயிற்சி முகாமுக்குள் கால்வைக்க மாட்டோம் என்று இருவரும் சேர்ந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். 32 நாள் கழித்து ஒருவருக்கு 1,25,000 டாலரும் மற்றவருக்கு 1,10,000 டாலரும் தர நிர்வாகம் இணங்கியது. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லைதான். ஆனால் யாரும் அவர்களைத் தடைசெய்யவில்லை.

இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவே கிடக்கும் இடைவெளிதான் இக்கட்டுரையின் பொருள். இந்திய விளையாட்டுச் சந்தையைப் பற்றிய பேச்சு எப்போதும் விலையைச் சுற்றியே நடக்கிறது: யார் எத்தனை கோடிக்குப் போனார், யாரை யாரும் கேட்கவில்லை. விலை ஒரு பக்கம். ஆட்டக்காரர் தம் காலத்தின்மேல் கொண்ட உரிமை இன்னொரு பக்கம். ‘இன்ன தேதிக்குப் பிறகு நான் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை’ என்று சொல்ல ஒருவருக்கு ஒரு தேதி வேண்டும். பேஸ்பால் ஆட்டக்காரருக்கு அந்தத் தேதி உண்டு. இந்தியக் கிரிக்கெட்டில் அது ஓய்வு பெறும் நாளாக இருக்கிறது என்பது என் வாதம்.

பேஸ்பாலிலும் அந்தத் தேதி சும்மா வந்துவிடவில்லை. 1879 தொடங்கி அணிகள் ‘ரிசர்வ்’ என்றொரு விதியை வைத்திருந்தன. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அணியின் சொத்துத்தான். விற்கலாம், மாற்றலாம், அடுத்த ஆண்டுக்குத் தன்னிச்சையாகப் புதுப்பிக்கலாம். இந்த ஏற்பாடு எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஆலங்குளத்துப் பேருந்தில் போகிறவர் காதில் தறிச் சத்தம் விழும். தமிழ்நாட்டு விசைத்தறிப் பகுதிகளில் ‘முன்பணம்’ என்ற சொல்லுக்கு உள்ள கனம் தெரிந்தவர்கள் ரிசர்வ் விதியை ஒரு வரியில் புரிந்துகொள்வார்கள். தறி ஓட்டுகிறவர் வாங்கிய முன்பணம் அடையாதவரை இன்னொரு பட்டறைக்குப் போக முடியாது. புது முதலாளி அந்தப் பணத்தைப் பழைய முதலாளிக்குக் கட்டிக் கூட்டிக்கொண்டு போகலாம். அப்போதும் கடன் தீராது, கைதான் மாறும். ஓர் அணி இன்னோர் அணிக்கு ஆளை மாற்றிக்கொடுப்பதும் ஏறத்தாழ இதுவே. ஒரு வேறுபாடு: தறிக்காரர் பணம் வாங்கியதால் கட்டுப்படுகிறார். ரிசர்வ் விதியில் வாங்காத கடனுக்குக் கட்டு.

1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி கர்ட் ஃப்ளட் என்பவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. போக மாட்டேன் என்று அவர் நீதிமன்றம் ஏறினார். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பேஸ்பாலுக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து 1922 முதல் இருந்த விலக்கை அது தொடவில்லை. ஃப்ளட்டின் ஆட்ட வாழ்வு தீர்ப்புக்கு முன்பே முடிந்திருந்தது. கதவைத் திறந்தது நீதிமன்றமன்று, சங்கம். எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்த மார்வின் மில்லர் 1966 முதல் ஆட்டக்காரர் சங்கத்தை நடத்தினார். நடுவர் ஒருவர் முன் வழக்காடும் உரிமையை அவர் முதலில் வாங்கி வைத்தார். அந்த வழியில் 1975 டிசம்பர் 23 அன்று பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர், ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்னலி ஆகிய இருவரும் கட்டுவிட்டவர்கள் என்று தீர்ப்புச் சொன்னார். அணி ஓர் ஆண்டுக்குத்தான் புதுப்பிக்கலாம், காலம் முழுக்க அல்ல என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு பேரம் பேசி, ஆறு ஆண்டு ஆடி முடித்தவருக்கு முழு விடுதலை என்று ஏற்பாடு ஆயிற்று. அப்படி விடுபட்டவரை ‘ஃப்ரீ ஏஜென்ட்’ என்பார்கள்.

அந்த ஆறு ஆண்டு என்ற எண்தான் பின்னால் வந்த பெரிய தொகைகளுக்கு எல்லாம் வேர். 2018-19 குளிர்காலத்தில் பிரைஸ் ஹார்ப்பர் நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதக்கணக்கில் எந்த அணிக்கும் தலையாட்டாமல் இருந்தார். பயிற்சி முகாம்கள் தொடங்கிய பிறகு, பிப்ரவரி இறுதியில், ஃபிலடெல்ஃபியாவோடு 13 ஆண்டுக்கு 33 கோடி டாலர் ஒப்பந்தம் முடித்தார். 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ நியூயார்க் மெட்ஸ் அணியிடம் 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் பெற்றார். கையெழுத்திடும்போது இருவருக்கும் வயது 26. ‘பேராசை’ என்று அமெரிக்க விசிறிகளும் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். ஆனால் காத்திருப்பதற்கு அவர்களுக்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

ஐ.பி.எல். இந்தக் காத்திருப்பை அடியோடு எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஏலத்தை வைத்தது. 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்த முதல் ஏலத்தில் தோனியை 15 லட்சம் டாலருக்குச் சென்னை எடுத்தது. பேரம் நிமிடங்களில் முடிகிறது. பேசுகிறவர்கள் வாங்குகிறவர்கள் மட்டுமே. ஆட்டக்காரர் அடிப்படை விலை ஒன்றைக் குறித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். எந்த ஊர், எந்தப் பயிற்சியாளர், எத்தனை ஆண்டு என்று எதையும் அவர் கேட்க முடியாது. ஆண்டுதோறும் அணி அவரை விடுவிக்கலாம். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவர் தம் விருப்பத்தில் அணியை விட்டு வெளியேற முடியாது. அணி இணங்கினால்தான் வழி. இருபக்கமும் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தத்தில் கதவின் தாழ்ப்பாள் ஒரே பக்கத்தில் இருக்கிறது.

எதிர்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஏலம் இல்லாவிட்டால் த. நடராஜன் யார்? சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகிய பையனுக்கு முகவர் ஏது, பேரம் பேசும் ஆங்கிலம் ஏது? 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து அவர் 3 கோடிக்குப் போனார். 2018 டிசம்பரில், கட்டடக் கலை படித்துவிட்டுச் சுழற்பந்துக்கு வந்த வருண் சக்கரவர்த்தி 20 லட்சத்திலிருந்து 8.4 கோடிக்கு ஏறினார். வாய் பேசத் தெரியாதவருக்காக ஏல மேடை பேசுகிறது என்று இதைச் சொல்லலாம். ராஜபாளையத்திலோ ஆலங்குளத்திலோ மட்டை பிடிக்கும் ஒரு பையனுக்கு இது பெரிய நம்பிக்கை. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் நடராஜனின் கணக்கை அடுத்த வரிக்கும் படிக்க வேண்டும். 3 கோடி ஓர் ஆண்டோடு சரி. 2018இல் ஹைதராபாத் அவரை 40 லட்சத்துக்கு எடுத்தது. அதே 40 லட்சத்தில்தான் 2020இல் ஐக்கிய அரபு அமீரகத்து ஆடுகளங்களில் யார்க்கர்களால் பெயர் வாங்கினார். அதையடுத்த ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வடிவங்களிலும் இந்தியாவுக்கு ஆடினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியா வென்றபோது அவர் ஐ.பி.எல். சந்தையில் 40 லட்ச ரூபாய் பந்துவீச்சாளர். விலை மாற அடுத்த பெரிய ஏலம் வரவேண்டியிருந்தது. சாய் சுதர்சன் கதையும் இதே வகை. 2022இல் 20 லட்சம். 2023 இறுதிப்போட்டியில் 47 பந்தில் 96 ரன். 2024இலும் 20 லட்சம்தான். நடுவே 2023 டி.என்.பி.எல். ஏலத்தில் கோவை அணி அவருக்கு 21.6 லட்சம் கொடுத்தது. மாநிலத் தொடரின் சம்பளம் ஐ.பி.எல். சம்பளத்தைத் தாண்டிய வேடிக்கையைப் பத்திரிகைகள் ரசித்து எழுதின. அதில் வேடிக்கை குறைவு என்றே எனக்குத் தோன்றியது.

பேஸ்பாலிலும் முதல் மூன்று ஆண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் இருக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு நேர்மையாகாது. ஆனால் மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு நடுவர் முன் போய் ‘என் ஆட்டம் இவ்வளவு பெறும்’ என்று வாதாட அங்கே இடமுண்டு. ஆறாம் ஆண்டு முடிந்ததும் விடுதலை. இங்கே படியும் இல்லை, மாடியும் இல்லை.

சட்டத்தின் பார்வையிலும் இது உரசுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவில், ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. 2006இல் உச்ச நீதிமன்றம் அதை வைத்தே ஜாகீர் கானின் விளம்பர ஒப்பந்த வழக்கைத் தீர்த்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தபின்னும், வெளியார் தரும் விலைக்குத் தானே ஈடுகொடுத்து அவரை எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை தனக்கு உண்டு என்று ஒரு முகவர் நிறுவனம் கேட்டது. காலம் முடிந்தபின் நீளும் கட்டு செல்லாது என்றது நீதிமன்றம். இப்போது ஏலத்தில் அணிகள் தூக்கிக் காட்டும் ‘ஆர்.டி.எம்.’ அட்டையைப் பாருங்கள். பழைய அணி, வெளியார் கேட்ட விலைக்கு ஈடுகொடுத்துத் தன் ஆளை எடுத்துக்கொள்கிறது. 2024 நவம்பரில் ஜெட்டாவில் அர்ஷ்தீப் சிங்கை ஹைதராபாத் 15.75 கோடிக்குக் கேட்டது. பஞ்சாப் அட்டையைக் காட்டியதும் 18 கோடிக்கு ஏற்றியது. பஞ்சாப் ஈடுகொடுத்து வைத்துக்கொண்டது. பணத்தில் அர்ஷ்தீப்புக்கு நட்டமில்லை. எங்கே ஆடுவது என்ற தேர்வு மட்டும் அவர் கையில் இல்லை. இரண்டும் ஒரே வழக்கல்ல. ஏலத்துக்குப் பெயர் கொடுக்கும்போதே விதிக்கு ஒப்புக்கொண்டார் என்பார்கள். வேறு சந்தையே இல்லாத இடத்தில் கொடுக்கும் ஒப்புதலுக்கு எவ்வளவு மதிப்பு என்று திருப்பிக் கேட்கலாம்.

வேறு சந்தையே இல்லை என்பது மிகையன்று. 2007இல் ஐ.சி.எல். என்ற மாற்றுத் தொடர் தோன்றியபோது அதில் சேர்ந்தவர்களுக்கு இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் கதவு சாத்தப்பட்டது. முதல் கோப்பையை வென்ற சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் அணியின் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களும் அதில் அடக்கம். மன்னிப்பு 2009இல் வந்தது. வேறு தொடருக்கு இடமில்லாதபடி ஒப்பந்தம் போட்டதற்காக 2013இல் போட்டி ஆணையம் வாரியத்துக்கு 52.24 கோடி அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அது நீங்கி, 2017இல் அதே தொகை மீண்டும் வந்தது. அதற்கிடையே வருமானம் எங்கோ உயர்ந்துவிட்டது. 2023 முதல் 2027 வரையான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி. ஆண்டுக்கு ஏறத்தாழ 9,678 கோடி. 2025க்குப் பத்து அணிகளின் ஏலப் பணம், அணிக்கு 120 கோடி வீதம், 1,200 கோடி. ஆட்டத்துக்கான தனிச் சம்பளமாக அணிக்கு ஒதுக்கிய 12.60 கோடியைச் சேர்த்தாலும் ஒளிபரப்புப் பணத்தில் ஏழில் ஒரு பங்கை அது தொடவில்லை. கேட்க ஒரு சங்கமும் இல்லை. 2019இல் உருவான இந்தியக் கிரிக்கெட் ஆட்டக்காரர் சங்கம் ஓய்வுபெற்றவர்களுக்கானது.

அப்படியென்றால் நம் ஊர் ஆட்டக்காரர் நீண்ட ஒப்பந்தத்துக்கு ஏங்கவே இல்லையா? ஏங்குகிறார், அதற்கு இங்கே பெயர் ‘பெர்மனென்ட்’. ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை இருக்கிறது. பெர்மனென்ட் ஆனவர், ஆகாதவர் என்ற பாகுபாடு இப்பக்கத்து வீடுகளில் பெண் கொடுக்கும் பேச்சுவரை வரும். விளையாட்டிலும் அதே கணக்குத்தான். ஊர்ப் பொங்கலில் மின்விளக்குப் போட்டு நடக்கும் கபடியில் ‘கெஸ்ட்’ என்று வெளியூர் ஆளை ஒரு நாளுக்குக் கூட்டி வருவார்கள். பணம் கையில், விடிந்தால் யாருக்கும் கட்டில்லை. உண்மையான ஃப்ரீ ஏஜென்ட் அவர்தான். ஆனால் அவர் தேடி அலைவது ரயில்வே, போலீஸ், ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி அணிகளில் ஓர் இடத்தை. 2022 கபடி ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி 2.26 கோடிக்கு எடுத்த பவன் செராவத்தே தேசியப் போட்டிகளில் ரயில்வேக்கு ஆடியவர். தலைவாஸுக்காக முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் அந்தத் தொடர் அவருக்கு முடிந்தது. ஏலம் தராத நீளத்தை உத்தியோகம் தந்தது என்று இந்த ஏற்பாட்டைச் சொல்லலாம். சென்னை அணியை 2008இல் 9.1 கோடி டாலருக்கு வாங்கியதும் ஒரு சிமெண்ட் நிறுவனம்தான். தாழையூத்தில் ஆலை நடத்திய இந்தியா சிமெண்ட்ஸ் கிரிக்கெட்டுக்காரர்களுக்கு உத்தியோகம் கொடுத்துப் பழகிய இடம். தோனியே அங்கே துணைத் தலைவர் பதவியில் இருந்தார்.

நட்சத்திரங்களுக்கு அந்த உத்தியோக நீளம் போதாது. அவர்களுக்கு வேண்டியது வேறு சந்தைக்குப் போகும் வழி. ஆடிக்கொண்டிருக்கும் இந்திய ஆண் ஆட்டக்காரர் எவருக்கும் வெளிநாட்டு டி20 தொடர்களில் ஆட வாரியம் தடையில்லாச் சான்று தருவதில்லை. பெண்களுக்கு இந்தத் தடை கிடையாது. ஹர்மன்பிரீத் கௌர் ஆஸ்திரேலியத் தொடரில் ஆடியிருக்கிறார். ஆண்களுக்கு ஒரே வாசல் ஓய்வு. தினேஷ் கார்த்திக் 2024 ஜூன் 1 அன்று, தம் 39ஆம் பிறந்தநாளில், ஓய்வை அறிவித்தார். அடுத்த ஜனவரியில் தென்னாப்பிரிக்கத் தொடரில் பார்ல் ராயல்ஸுக்கு ஆடினார். ஐ.பி.எல்.லில் தொடர்ந்து ஆடுகிறவருக்கு அணி மாற்றம்தான் வழி: 2010இல் பேரம் பேசியதற்குத் தடைபட்ட ஜடேஜா, 2025 நவம்பரில் அதே ராஜஸ்தானுக்குத் திரும்பினார். சஞ்சு சாம்சனுக்கு மாற்றாக, 18 கோடியிலிருந்து 14 கோடிக்கு இறங்கி.

ரவிச்சந்திரன் அஸ்வின் 2025 ஆகஸ்ட் 27 அன்று ஐ.பி.எல்.லிலிருந்து விலகினார். சென்னை, புனே, பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான், மறுபடி சென்னை என்று அதுவரை அவர் ஆடிய ஊர்களைப் பெரும்பாலும் ஏலமும் அணி மாற்றமும் தீர்மானித்தன. செப்டம்பரில், 39ஆம் வயதில், தாமே தேர்ந்த ஓர் அணியோடு, சிட்னி தண்டரோடு, கையெழுத்திட்டார். அந்த ஆஸ்திரேலியத் தொடர் டிசம்பரில். நவம்பர் தொடக்கத்தில் முழங்கால் காயம் என்று சொல்லி விலகிக்கொண்டார்.