காங்கேய நாட்டுக் குடிவழி ஆராய்ச்சி

தென்புலத்தாரைப் பேணுதல் இல்வாழ்வான் கடன்களுள் ஒன்றென்பது தமிழ் அறநூல்களின் துணிபு. அக்கடன் ஆற்றுவோர் தந்தை, பாட்டன், பூட்டன் ஆகிய மூவர் பெயரையே சொல்லி நீர்க்கடன் இறுப்பர். அவர்க்கு மேற்பட்டார் பெயரின்றிப் பொதுவில் அடங்குவர். திதி நோக்கிச் சிராத்தஞ் செய்யும் இல்லங்களில் திங்களும் பக்கமும் திதியும் மறவாது போற்றப்பெறுகின்றன. இறந்த ஆண்டோ எவராலும் போற்றப்பெறுவதில்லை. நாள் நிற்க ஆண்டு மறைதலின், தம் முன்னோர் வரலாறு நாடுவார் முதற்கண் இடர்ப்படுவது ஈண்டேயாம்.

இனி, பாட்டன் பெயரைப் பெறுதலாற் பேரன் பெயரனாயினான். ஒரே பெயர் ஒன்றுவிட்டொரு தலைமுறையில் மீண்டும் மீண்டும் வருதலின், ஓலையிற் கண்ட பெயருடையான் பாட்டனோ பேரனோ என்னும் ஐயம் எழும். பிரபவ முதலிய ஆண்டுப் பெயர்களும் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவன. சகாத்தமோ கலியாண்டோ உடன் எழுதப்படாத ஓலையைக் கொண்டு காலம் வரையறுத்தல் இயலாது. இதனை எண்ணாது குடிவழிப் பட்டியல் எழுதுவார் இருவரை ஒருவராக்கியும், ஒருவரை இருவராக்கியும் மயங்குவர்.

கொங்கு மண்டலத்தின் இருபத்துநான்கு நாடுகளுள் ஒன்று காங்கேய நாடு. இப்பகுதி வேளாளர் தம்மைக் கூட்டப் பெயரானும் காணியூரானும் அறிவர். காணியாவது முன்னோர் நிலவுரிமையும் கோயிலுரிமையும் பெற்ற ஊர். குடும்பம் பிழைப்பு நாடி எத்துணைத் தொலைவு பெயரினும் காணிக்கோயிலை மறப்பதில்லை. இன்ன கூட்டத்தார்க்கு இன்ன ஊர் காணி என நிரல்படக் கூறும் காணிப்பாடல்கள் உள. 2023-இல் மறைந்த புலவர் செ. இராசு அவர்கள் அப்பாடல்களையும் குலகுருமார், பட்டக்காரர் இல்லங்களிலிருந்த செப்பேடுகளையும் ஓலைகளையும் தேடித் தொகுத்து அச்சேற்றினார்கள். தனியொருவர் ஊர்தோறும் நடந்து செய்த அப்பணி பெரிது. ஆயினும் காணிப்பாடல் ஊரைக் கூறுமேயன்றிக் காலத்தைக் கூறாது.

காலம் கூறுவது கல். கொங்குச் சோழர், கொங்குப் பாண்டியர் காலத்துச் சிவாலயக் கல்வெட்டுக்களில் கொடையாளர் பெயருக்கு முன்னே, 'இன்ன ஊர் வெள்ளாளன் இன்ன கூட்டத்தாரில்' இன்னான் என எழுதும் வழக்கம் காணப்படுகின்றது. மன்னன் ஆட்சியாண்டு முதற்கண் நிற்கும். பின்னர், சந்தியா தீபம் எரிக்கப் பழஞ்சலாகை அச்சு இத்துணை ஈந்தான் என்றும், அதனைக் கைக்கொண்டு சந்திராதித்தர் உள்ளளவும் விளக்கெரிக்கக் கடவர் காணியுடைய சிவப்பிராமணர் இன்ன கோத்திரத்து இன்னார் என்றும் வரும். ஒரு சிறு விளக்குக் கொடையில் ஈந்தான் குடியும் ஏற்றான் குடியும் ஒருங்கே பொறிக்கப்பட்டமை காண்க. வேளாளரேயன்றிக் குருக்கள் மரபினரும் தம் குடிவழியைத் தேடற்குரிய இடம் அதுவே. கல்லும் பாடலும் முரணுமிடத்துக் கல்லையே கொள்ளல் வேண்டும். சேரனோ சோழனோ எங்களை இங்குக் குடியேற்றினான் என்னும் முதற்கதைகளோ மூன்றாவதாக வைத்தற்குரியன; முற்றும் தள்ளற்பாலனவும் அல்ல.

சேக்கிழார் பெருமானும் இந்நெறி நின்றவரே. திருநாவுக்கரசர் வரலாறு கூறப் புகுந்தவர் ஊரும், குறுக்கையர் என்னும் குடியும், தந்தை புகழனார், தாய் மாதினியார், தமக்கை திலகவதியார் பெயர்களும் விடாது குறித்தனர்.

திலகவதியார் பெயர் நிலைத்தது போலப் பிற பெண்டிர் பெயர் நிலைக்கவில்லை. காங்கேயத்துக்கு வடக்கேயுள்ள விசயமங்கலத்துச் சமணக் கோயிலில், சாமுண்டராயன் தங்கை புல்லப்பை நோன்பிருந்து உயிர்நீத்தமை குறிக்கும் கல்வெட்டு உண்டு. புறச்சமயத்ததாயினும், ஒரு பெண்ணின் பெயரையும் உடன்பிறப்பையும் கொங்குநாட்டில் ஆயிரம் ஆண்டளவாகக் காத்து நிற்கும் அக்கல் போற்றத்தக்கதே. கணவனோடு தீப்புக்காரை வீரமாத்தி எனக் கல் நட்டு வழிபடுதல் இந்நாட்டு மரபு. அவருட் பலர்க்கு வீரமாத்தி என்பதன்றி வேறு பெயர் எஞ்சவில்லை. காணிப்பாடலிலும் மகளிர் பெயர் காண்டல் அரிது. எந்தக் கூட்டத்திற் கொண்டு எந்தக் கூட்டத்திற் கொடுத்தனர் என்பதை மட்டும் மூதாட்டியர் வாய்மொழியாகச் சொல்வர். அதனை அவர் இருக்கும்போதே எழுதிக்கொள்ளல் நன்று.

ஆண்டும் நாளும் ஒருங்கே நிலைபெற்றதற்குக் காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்திற் பிறந்த தீரன் சின்னமலை ஒரு சான்று. அவர் 1805-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31-ஆம் நாள் சங்ககிரியில் உடன்பிறந்தாரொடு தூக்கிலிடப்பட்டார். ஆண்டினை ஆங்கிலேயர் கணக்கு வைத்தது. நாட்டாரோ ஆடிப் பதினெட்டாம் பெருக்கு நாளோடு சேர்த்து அவரை நினைக்கின்றனர். எளிய குடும்பங்கட்கு அத்தகைய கணக்கு வைத்தார் இலர்.

அவர்கட்கு எஞ்சியவை கோயிற் கல்லும் வீட்டுப் பரணில் கிடக்கும் ஓலையுமே. ஓலையைச் செல் அரிக்கும் என்பது தில்லையில் மூவர் திருமுறை கண்ட வரலாறு அறிந்த சைவர்க்குப் புதிதன்று. கல்லுக்கு வரும் கேடோ அன்பினால் வருவது. இறந்த பெற்றோர் நினைவாகத் திருப்பணி செய்விப்பார், அடித்தளத்தை மறைத்துப் பளிங்குப் பலகை பதித்தலும், சுவரை மணல் வீசித் தேய்த்துத் தூய்மை செய்தலும் பலவிடத்தும் நிகழ்ந்தன. புதுப் பலகையில் தந்தை பெயர் ஏற, அதன் பின்னே எழுநூறாண்டு நின்ற முன்னோன் பெயர் மறைந்தது. திருப்பணி தொடங்குமுன் சுவர் முழுதும் மைப்படி எடுத்து, ஒருபடி கோயிலிலும் ஒருபடி காணியாளர் இல்லத்திலும் வைத்தற்கு ஆகும் செலவு ஒரு நாள் அன்னதானச் செலவினும் குறைவே.